ஐம்பது கிலோ மூட்டையின் கணக்கு

50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ஒன்று கடைக்குள் வந்தால், விற்று முடியும்போது 50 கிலோவுக்குக் கணக்கு வராது. மளிகைக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சின்னக் கடைகளுக்கென்று விற்கிற சாஃப்ட்வேர்களில் பலவற்றுக்கு இது தெரியாது. சாத்தூரில் சித்தப்பா நடத்தும் மளிகைக் கடையின் இருப்பையும் விற்பனையையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தபோது, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பதை ஒத்திவைத்துவிட்டு நான் முதலில் பார்த்தது இந்த மூட்டையைத்தான்.

நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் குடும்பத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வந்தாலும், பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது உட்பட, என் தலையில்தான் விடியும். கடை பெரிய கடை அல்ல. சித்தப்பா கல்லாவில், மத்தியானம் அவர் சாப்பிடப் போகும் நேரம் சித்தி, சாமான் எடுத்துக் கொடுக்க ரொம்ப காலமாக இருக்கும் ஓர் அண்ணன், பாக்கெட் போடவும் ஏற்றி இறக்கவும் ஒரு பையன். பருப்பு, வத்தல், எண்ணெய் எல்லாம் விருதுநகர் மார்க்கெட்டில் இருந்து வரும். சோப்பு, பிஸ்கட், பவுடர் வகையறாவைக் கம்பெனி ஏஜென்சிகளின் வண்டிகள் கிழமை வைத்துக் கொண்டுவந்து போடும்; லைன் வண்டி என்போம்.

மூட்டைக்கு வருகிறேன். வந்த பருப்பில் 30 கிலோவை அரை கிலோ பாக்கெட்டாகப் போட்டால் 60 பாக்கெட். மீதி 20 கிலோ தகர டப்பாவுக்குப் போய் நூறு, இருநூற்றைம்பது கிராம் என்று உதிரியாக விற்கும். டப்பா காலியாகிற அன்று உதிரி விற்பனையைக் கூட்டிப் பார்த்தால் 19 கிலோ 600 கிராம் வரும். மிச்ச 400 கிராம்? பாக்கெட் போடுகிற பையன் தராசில் சரியாக 500 வந்ததும் நிறுத்துவதில்லை. 503-இல் நின்றால்தான் அவனுக்கு நிம்மதி. பாக்கெட்டுக்கு 3 கிராம் என்றால் 60 பாக்கெட்டுக்கு 180 கிராம். மீதி 220 கிராம் உதிரியில் கை தாராளமாக விழுந்தது, தரையில் சிந்தியது, டப்பா அடியில் நின்ற தூசியும் நொய்யும்.

400 கிராம் ஒரு விஷயமா என்று தோன்றும். கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி 126 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு லாபம் 300 ரூபாய். விற்கும் விலையில் 400 கிராம் 50 ரூபாய் 40 காசு. எடையில் ஒரு சதவீதம்கூட இல்லாத சேதாரம், லாபத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தைக் கொண்டுபோய்விடுகிறது. சித்தப்பா இதை எந்தத் தாளிலும் எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் விலை வைக்கும்போதே சேதாரத்தைச் சேர்த்துத்தான் வைப்பார்.

கம்ப்யூட்டரிடம் சேதாரம் எழுத இடம் இல்லையென்றால் என்ன ஆகும்? மூட்டைக்கு 400 கிராம் திரையில் தங்கிக்கொண்டே போகும். கொஞ்ச மாதத்தில் திரையில் 10 கிலோ துவரம் பருப்பு இருக்கும், டப்பாவில் ஒன்றும் இருக்காது. அதன் பிறகு அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள். பல கடைகளில் கம்ப்யூட்டர் வெறும் பில் அடிக்கிற மிஷினாக நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இருப்பு ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் போதும், கடைக்காரர் பழையபடி அலமாரியை எட்டிப் பார்த்தே ஆர்டர் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே திட்டத்தின் முதல் முடிவு இது: இருப்பு என்பது நேராகத் திருத்துகிற ஓர் எண்ணாக இருக்கக் கூடாது. வந்தது, விற்றது, பாக்கெட்டாக மாறியது, திரும்பி வந்தது, சேதாரம், வீட்டுக்குப் போனது என்று ஒவ்வொன்றும் தேதியோடும் எழுதியவர் பெயரோடும் ஒரு வரியாக விழ வேண்டும். அவற்றைக் கூட்டிக் கழித்து வருவதுதான் இருப்பு. டப்பா காலியானதும் ‘டப்பா காலி’ என்று ஒரு பட்டனை அழுத்தினால், திரையில் மிச்சம் நிற்பது தானாகச் சேதாரம் என்ற வரிக்குப் போய்விட வேண்டும். யாரும் தனியாக எடை போட வேண்டியதில்லை. மூட்டைக்கு எவ்வளவு சேதாரம் என்பதும் மாதக் கடைசியில் கைக்கு வந்துவிடும்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. செட்டியார்கள் அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரித்து, கடைசியில் ஐந்தொகை போட்டதும் இதே முறைதான். குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக விழுந்தால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். அதே கட்டுப்பாடு இங்கேயும். பில்லை ரத்து செய்யலாம், ஆனால் ரத்தான பில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும். அழிக்கும் பட்டனே கிடையாது.

‘வீட்டுக்குப் போனது’ என்ற வரிக்குச் சித்தி சிரித்தார். சமையலுக்கு நடுவில் கடைக்குள் வந்து ஒரு பாக்கெட் உப்போ கடுகோ எடுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான். “இதுக்கும் பில் போடச் சொல்லுவியா?” என்று கேட்டார். பில் வேண்டாம் சித்தி, ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று சொல்லி வைத்தேன். கோவில் கொடைக்குக் கொடுத்தது, லைன் பையனுக்குக் குடிக்கக் கொடுத்த கலர் பாட்டில், சில்லறை இல்லாமல் நீட்டிய மிட்டாய் எல்லாம் இந்த வகைதான். யுபிஐ வந்த பிறகு மிட்டாய்ச் சில்லறை குறைந்திருக்கிறது. ஆனாலும் மிட்டாய் ஜாடியின் கணக்கு விற்பனையை வைத்து ஒருநாளும் நேராகாது. அதை எண்ணவே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எதை எண்ண வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பாதி. கறிவேப்பிலை, மிட்டாய், கேரி பை, மஞ்சள் கிழங்கு எல்லாவற்றையும் பொது விற்பனை என்ற ஒரே தலைப்பில் ரூபாயாக மட்டும் ஏற்றலாம். ஊதுபத்தியில் இருந்து பெருங்காயம் வரை அத்தனையையும் எண்ணினால்தான் கணக்கு என்று நினைத்தால் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு கம்ப்யூட்டர் மூலையில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது அளவுகள். மளிகைக் கடையில் ஒரே சரக்கு வாங்குவது ஓர் அளவு, விற்பது இன்னோர் அளவு. ஷாம்பு அட்டைப்பெட்டியாக வந்து, சரமாகத் தொங்கி, ஒற்றையாகக் கிழிபடும். தீப்பெட்டி பண்டலாக வரும், ஒன்றிரண்டாகப் போகும். சமையல் எண்ணெய் டின் 15 கிலோ என்று வரும், வாங்க வருகிறவர் கேட்பது லிட்டரில். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். அந்தக் கணக்கில் 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் வரும். டின்னை 15 லிட்டர் என்று ஏற்றிவிட்டால் ஒன்றரை லிட்டர் கணக்கில்லாமல் சுற்றும்.

அரிசியில் இன்னும் வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் இல்லை. அரிசி ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா, 26 கிலோ சிப்பம் போட்டார்கள். கடையில் இப்போது இரண்டும் இருக்கிறது. வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் “ஒரு சிப்பம்” என்றுதான் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் அவை இரண்டு தனிச் சரக்கு. விலையும் வேறு, வரியும் வேறு.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நான் வைத்துக்கொண்ட வழி, உள்ளே எப்போதும் ஆகச் சிறிய அளவில் எழுதி வைப்பது. எடை கிராமில், பணம் பைசாவில், இரண்டுமே முழு எண்ணாக. மூட்டை, சிப்பம், சரம், பண்டல் எல்லாம் திரையில் காட்டுவதற்கு மட்டும். கம்ப்யூட்டர் தசமப் புள்ளி எண்களை உள்ளே இரண்டடிமானத்தில் வைத்திருக்கிறது. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் அச்சாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பில்லில் அது தெரியாது. வருடக் கடைசியில் தெரியும்.

இனி கொள்முதல். என் கருத்தில் மொத்தத் திட்டமும் இங்கேதான் நிற்கிறது. ஆனால் சாஃப்ட்வேர் காட்ட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பில் அடித்துக் காட்டுவார்கள். டக் டக்கென்று ஸ்கேன் செய்து, ரசீது சர்ரென்று வெளியே வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் அவர்களிடம் ஒரு ஏஜென்சி பில்லைக் கொடுத்து இதை ஏற்றிக் காட்டுங்கள் என்பேன். அதில் டசனுக்கு ஒன்று இலவசம் என்று ஒரு வரி இருக்கும். வந்தது 13, காசு கொடுத்தது 12-க்கு. இருப்பு 13 ஏற வேண்டும், அடக்க விலை மொத்தத் தொகையை 13-ஆல் வகுத்து வர வேண்டும். இலவசத்தைத் தனிச் சரக்காகப் பூஜ்ய விலையில் ஏற்றுகிற சாஃப்ட்வேரில், 12 சோப்பு குறைந்த லாபத்திலும் ஒரு சோப்பு நூறு சதவீத லாபத்திலும் விற்றதாகக் கணக்கு வரும்.

வரியும் அடக்கத்தில் வரும் விஷயம். சித்தப்பா காம்போசிஷனில் இருக்கிறார். வருட விற்பனை ஒன்றரைக் கோடி வரை இருக்கும் கடைக்காரர் வரி விதிக்கத்தக்க விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம் என்கிற திட்டம் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 என்ற படிவம், அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள். இதில் பில்லில் வரி தனியாகப் போட்டு வாங்கக் கூடாது. வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அப்படியென்றால் அடக்க விலை வரியோடு சேர்த்துத்தான். பல சாஃப்ட்வேர்கள் வரி நீங்கலான விலையை அடக்கமாக எடுத்துக்கொள்ளும். வழக்கமான ஜிஎஸ்டியில் இருப்பவருக்கு அது சரி, காம்போசிஷன்காரருக்கு லாபம் ஊதிப்போய்த் தெரியும்.

பார்கோடு இருந்தால் எல்லாம் சுலபம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான், எல்லோரையும் போல. பார்கோடு எண்ணில் சரக்கு எது என்பது மட்டும்தான் இருக்கிறது. 890 என்று ஆரம்பிக்கும் அந்த 13 இலக்கத்தில் விலையும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. எம்ஆர்பி மாறினாலும் கம்பெனிக்காரன் பெரும்பாலும் அதே பார்கோடைத்தான் அச்சடிக்கிறான். 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் என்று எத்தனையோ சரக்குக்கு ஜிஎஸ்டி 18-இலிருந்து 5-க்கு இறங்கியது. அந்த வாரம் எந்தக் கடை அலமாரியிலும் பழைய விலை சோப்பும் புது விலை சோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒரே பார்கோடோடு. ஸ்கேன் செய்தால் எந்த விலையைக் காட்டும்?

அதற்காகச் சரக்கு ஒன்று, அதன் கீழ் விலைவாரியாகக் கட்டுகள் என்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே கட்டு மட்டும் இருப்பில் இருந்தால் திரை எதுவும் கேட்கக் கூடாது. இரண்டு இருந்தால் மட்டும் இரண்டு எம்ஆர்பியையும் பெரிய எழுத்தில் காட்டி, பாக்கெட்டைப் பார்த்து ஒன்றைத் தொடச் சொல்ல வேண்டும். வரி விகிதத்தையும் இன்ன தேதியிலிருந்து இவ்வளவு என்று வைக்க வேண்டும். சித்தப்பா நாளைக்கே காம்போசிஷனை விட்டு வெளியே வந்தால், பழைய பில்லைத் திறக்கும்போது புது விகிதம் ஏறி நிற்கக் கூடாதல்லவா.

விற்பனைப் பக்கம் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை என்ன நடக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டியது. அந்த நேரத்தில் கடை முன்னால் ஆட்கள் நிற்பார்கள், ஒருவர் சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்வார், இன்னொருவர் குழந்தையை அனுப்பியிருப்பார். “ஏப்பா, ஆள் நிக்கும்போது மிஷினைத் தட்டிக்கிட்டு இருந்தா அவன் அடுத்த கடைக்குப் போயிருவான்” என்றார் சித்தப்பா. நியாயம்தான். உதிரி அயிட்டங்களுக்குப் பெயர் தட்டாமல் எண் தட்டுவது என்று வைத்தோம். துவரம் பருப்பு 11, உளுந்து 12, சீனி 21. அண்ணனுக்கு இது இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிடும்; ஊரில் பாதிப் பேர் செல் நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர்.

திரையில் இருப்பு பூஜ்யம் என்று இருந்தாலும் பில் நிற்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். பொருள் கையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது என்றால் தப்பு கம்ப்யூட்டரில்தான். பெரும்பாலும் கொள்முதல் பில் இன்னும் ஏறாமல் இருக்கும். அப்படி மைனஸில் போன சரக்கெல்லாம் ராத்திரி ஒரு பட்டியலாக வரட்டும், கடை சாத்தியதும் பார்த்துக்கொள்ளலாம். இருப்பு இல்லாமல் பில் போடவிடாததைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்லி ஒருவர் எங்களுக்கு விளக்கினார். அவர் மளிகைக் கடையில் சாயங்காலம் நின்றதில்லை போலிருக்கிறது.

அண்ணன் ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நான் என்னென்ன எடுத்துக் குடுத்தேன்னு எல்லாம் இது எழுதி வைக்குமோ?” என்றார். கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவரவர் பெயரில் பதிவு விழத்தான் செய்யும், அதில் சித்தப்பா பெயரும் விழும், விலையை மாற்றினால் அவர் மாற்றியது என்றுதான் நிற்கும் என்று சொன்னேன். சித்தப்பாவும் கூடவே, “எனக்கும் சேத்துத்தாம்ப்பா” என்றார். ஒரு கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் இதைக் கொண்டுவந்து வைத்தால், முதல் வாரமே பிளக்கைப் பிடுங்க ஆள் இருக்கும்.

இருப்பு குறைந்தால் எச்சரிக்கை என்று எல்லாச் சாஃப்ட்வேரிலும் ஒரு மணி அடிக்கும். கடைக்கு அது உதவாது. பிஸ்கட் லைன் செவ்வாய்க்கிழமைதான் வரும்; வியாழக்கிழமை மணி அடித்து என்ன செய்ய? வேண்டியது கிழமைவாரிப் பட்டியல். திங்கள் ராத்திரி, நாளைக்கு வருகிற லைன் ஆளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாள். ஒரு நாளைக்கு 6 பாக்கெட் போகிற பிஸ்கட் என்றால் அடுத்த செவ்வாய் வரைக்கும் 42 வேண்டும், வண்டி வராமல் போனால் சமாளிக்க இன்னும் ஒரு 10. கையில் 20 இருந்தால் 32 சொல்ல வேண்டும். இந்த ஒரு கணக்கைச் சரியாகக் கொடுத்தால் போதும், மற்ற வரைபடங்கள், வண்ண வட்டங்கள் எதையும் சித்தப்பா திறக்கப்போவதில்லை.

கடனுக்கு வந்தால், இந்தப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை. பற்று வரவு அந்த வாரத்தோடு சுற்றும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பாக்கியைப் பிரித்துக் காட்டும் அறிக்கை இங்கே பொருந்தாது. இரண்டு சனிக்கிழமை தாண்டிய பற்று எது என்பதுதான் சித்தப்பா கேட்கிற கேள்வி. ஆனால் வீடுகளில் இருக்கும் பற்று நோட்டை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். நோட்டு இரண்டு பேர் கையிலும் இருக்கிற சாட்சி. அதில் எழுதியதை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் கூட்டிப் பார்க்கும். தெர்மல் ரசீது வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் சில மாதத்தில் வெளுத்துப்போகும், கடன் கணக்குக்கு ஆகாது. நோட்டில் எழுதுவது எழுதியபடி இருக்கட்டும், கம்ப்யூட்டரில் மொத்தத் தொகை மட்டும் ஏறட்டும்.

மெஷின் விஷயங்களில் சொல்ல அதிகம் இல்லை. மூன்று இஞ்ச் பிரிண்டர் வாங்குவது நல்லது. இரண்டு இஞ்சில் தமிழ்ப் பெயர்கள் மடங்கி விழும். தமிழில் ரசீது வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன்பே அடித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிண்டர்களில் உள்ளேயே தமிழ் எழுத்து இருப்பது அபூர்வம், சாஃப்ட்வேர் அதைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அது தெரியாத சாஃப்ட்வேர் வெறும் கேள்விக்குறியாக அடித்துத் தள்ளும். யுபிஎஸ் கட்டாயம். நெட் போனாலும் பில் ஓட வேண்டும். தினமும் கடை சாத்தும்போது ஒரு பிரதி வெளியே போக வேண்டும், கடைக்குள்ளேயே இருக்கிற பென் டிரைவில் அல்ல. அப்புறம், காசு கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று: எங்கள் சரக்குப் பட்டியல், பில்கள், பாக்கி எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா? தயங்கினால் அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இப்போது முடிவு செய்திருப்பது இதுதான். முதலில் கொள்முதல் மட்டும் ஏறும், அதுவும் ஏஜென்சிச் சரக்கு மட்டும். பில் பழையபடி கையில். அலமாரி அலமாரியாக, நாளுக்கு ஒன்று என்று எண்ணி இருப்பைச் சரிபார்ப்பது பையனுடைய வேலை. எண்ணிய தாளைத் தட்டுவது சித்தி. சாஃப்ட்வேரை நானே எழுதவில்லை, சென்னையில் இருந்துகொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிற போனை எடுக்க என்னால் முடியாது. பக்கத்து ஊரிலேயே ஆள் இருக்கிற ஒன்றை வாங்குகிறோம், ‘டப்பா காலி’ பட்டனைச் சேர்த்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகுதான் பில்லும் உதிரிச் சரக்கும். தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயர் எங்கள் மாடலில் இருக்கிறதா என்று பின்பக்கம் பார்க்க வேண்டும்; வருடாந்திர முத்திரைக்குக் கொண்டுபோகும்போது எப்படியும் அதை இறக்கித்தான் ஆக வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா.